மைப்பேனாக்காரர் சட்டைப் பையில் இரண்டாவதாக என்ன பேனா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மைப்பேனா பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதற்கு வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் ஒன்று விடாமல் படித்தேன். எல்லாரும் ஒரே மாதிரி உருகியிருந்தார்கள். பக்கத்து பெஞ்சுப் பையனிடம் இரண்டு சொட்டு மை கடன் வாங்கியது, முள்ளை, அதாவது நிப்பைத் தலைமுடியில் துடைத்தது, ஹீரோ பேனா கேட்டு வீட்டில் அடம் பிடித்தது... எனக்கும் அதெல்லாம் உண்டு. நானும் மைப்பேனாக்காரன்தான், இந்தக் கடிதத்தையே முதலில் தாளில் மைப்பேனாவால் எழுதிவிட்டு அப்புறம்தான் பேரனிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னேன். ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட, மைப்பேனா உதவாத நேரத்தில் எதைக் கையில் எடுக்கிறார் என்று சொல்லவே இல்லை. பால் பாயின்ட் என்றாலே முகம் சுளிக்கிறார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைப்பேனா எங்கெங்கே காலை வாரும் என்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் விட்டுப்போன பாதியை நான் எழுதலாம் என்று பட்டது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கார்பன். கார்பன் தாள் ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஊரில் அரிசிக் கடையிலோ லாரி புக்கிங் ஆபீஸிலோ பில் வாங்கிப் பாருங்கள். எங்கள் கவுண்டருக்கு வரும் மைப்பேனாக்காரர் ஒருவர் சலானை அவ்வளவு அழகாக எழுதுவார், மேல் தாளில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். கீழ்த் தாளைத் தூக்கினால் இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு புள்ளி, தொகையில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். "கொஞ்சம் அழுத்தி எழுதுங்க சார்" என்பேன். அழுத்துவார். முள்ளின் இரண்டு காலும் விரியும், நடுவில் மை இறங்கும் தொடர்பு அறுந்துபோய் இரட்டைக் கோடாக விழும், கடைசியில் தாள் கிழியும். அவர் மேலும் குற்றமில்லை, பேனா மேலும் குற்றமில்லை. அழுத்தாமல் எழுதுவதற்கென்றே பிறந்த பேனாவை அழுத்தச் சொன்னால் அது என்ன செய்யும்?

அடுத்தது விண்ணப்பப் படிவத்தில் ஒட்டும் போட்டோ. பாதிக் கையெழுத்து போட்டோ மேலும் மீதி தாள் மேலும் விழவேண்டும் என்று எல்லா அலுவலகத்திலும் கேட்கிறார்கள். போட்டோவின் வழவழப்பில் தண்ணீர் மை ஒட்டாது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். காய்ந்துவிட்டது என்று நினைத்துப் படிவத்தை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் உங்கள் கையெழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறிப் பதிந்திருக்கும். பளபளப்பான கல்யாணப் பத்திரிகை, மருந்து அட்டை எல்லாம் இதே கதைதான். மழை நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாதாரண நீல மையில் விலாசம் எழுதிய உறை ஒரு தூறலில் நனைந்தால் தபால்காரர் பின்கோடைக் கூடப் படிக்க முடியாது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. "சார், பேனா இருக்கா?"

வங்கி, தபால் நிலையம், பத்திரப் பதிவு அலுவலகம், ரயில்வே முன்பதிவு, எங்கே போனாலும் இந்தக் கேள்வி வரும். இல்லை என்று சொல்ல முடியாது, பையில் கிளிப் மின்னுகிறது. கொடுத்தால் என்ன நடக்கும் என்பது மைப்பேனா வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். மூடியைத் திருக வேண்டும் என்று தெரியாமல் இழுப்பார். திறந்ததும் முள்ளைக் கவிழ்த்துப் பிடிப்பார். எழுதவில்லை என்று இரண்டு உதறு உதறுவார், பக்கத்தில் நிற்கிறவர் வெள்ளைச் சட்டையில் பூப்பூவாக விழும். பேனாவைக் கொடுத்துவிட்டு மூடியைக் கையில் வைத்துக்கொள்வது நம் ஊரில் ஒரு பழைய தந்திரம், அது பேனா காணாமல் போகாமல் காப்பாற்றும், முள்ளைக் காப்பாற்றாது. மைப்பேனாக்காரர் இரண்டாவது பேனா வைத்திருக்க வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் முதல் காரணமே இந்தக் கடன் கொடுக்கும் சமாச்சாரம்தான். தனக்காக இல்லாவிட்டாலும் மற்றவருக்காக ஒன்று வேண்டும். அது போனாலும் வயிறு எரியக் கூடாது.

சரி, எந்தப் பேனா? இங்கேதான் மைப்பேனாக்காரர்கள் வழுக்குகிறார்கள். பிறந்தநாளுக்கோ பணி ஓய்வுக்கோ யாரோ கொடுத்த, பெட்டியில் வைத்த, கனமான உலோக பால் பாயின்டை எடுத்துச் செருகிக்கொள்கிறார்கள். எழுதிப் பார்த்தால் பாதி எழுத்து விழாது, விரல் வலிக்கும், கையெழுத்து தன்னுடையது மாதிரியே இருக்காது. உடனே "பால் பாயின்டே எனக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆகாதது அந்த ஒரு பேனா. ஏன் என்று தெரிந்துகொள்ள அது பிறந்த கதையைப் பார்க்க வேண்டும்.

பால் பாயின்டை உருப்படியாக்கியவர் உங்கள் தொழில்காரர், ஆசிரியரே. லாஸ்லோ பிரோ, ஹங்கேரியில் பத்திரிகையாளராக இருந்தவர். செய்தித்தாள் அச்சடிக்கும் மை சட்டென்று காய்வதைப் பார்த்து, அதையே பேனாவில் ஊற்றினால் என்ன என்று யோசித்தார். அந்த மை கெட்டி, முள் வழியே இறங்காது. அதை இழுத்துவரத்தான் நுனியில் உருளும் குண்டு. குண்டுமுனைக்கு அமெரிக்காவில் ஜான் லவுட் என்பவர் 1888-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் அதற்குத் தோதான மை அமையாததால் அது கடைக்கு வரவில்லை. பிரோ, வேதியியல் தெரிந்த தன் சகோதரரையும் சேர்த்துக்கொண்டு மையைச் சரிசெய்தார், 1938-இல் காப்புரிமை பெற்றார், அப்புறம் யுத்தத்துக்குத் தப்பி அர்ஜென்டினா போய் அங்கே தொழிலை நடத்தினார். ஆரம்ப வாடிக்கையாளர்களில் பிரிட்டிஷ் விமானப்படையும் உண்டு, உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது மைப்பேனா கக்கிவிடும், இது கக்காது என்பதால். 1945 அக்டோபரில் நியூயார்க் கிம்பல்ஸ் கடையில் மில்டன் ரெனால்ட்ஸ் என்பவர் தன் குண்டுமுனைப் பேனாவை 12.50 டாலருக்கு விற்க ஆரம்பித்தபோது கூட்டம் அலைமோதியது. இன்று பெட்டிக்கடையில் கொத்தாகத் தொங்குகிற சாமான் அது.

விஷயம் என்னவென்றால், அந்தக் கெட்டி மைக்காகத்தான் பால் பாயின்டை அழுத்த வேண்டியிருக்கிறது. குண்டு உருண்டால்தான் மை வரும், எண்ணெய்ப் பசை மாதிரியான மையை மீறி அது உருள அழுத்தம் வேண்டும். அதோடு பேனாவை நிமிர்த்திப் பிடிக்கவும் வேண்டும். மைப்பேனாக்காரர் கையோ நேர் எதிராகப் பழகியது. பேனாவைச் சாய்த்து, ஏறக்குறைய 45 டிகிரியில், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கிடத்தி, பேனாவின் சொந்தக் கனத்திலேயே ஓடவிடுவார். அதே சாய்வில் பால் பாயின்டைப் பிடித்தால் குண்டைச் சுற்றியுள்ள உலோக விளிம்பு தாளில் உரசும், மை விட்டுவிட்டு வரும். கை அழுத்தாததால் எழுத்து வெளிறும். கோபத்தில் அழுத்துவார், விரல் வலிக்கும். ஆக, இரண்டாவது பேனா தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, சாய்த்துப் பிடித்தாலும் அழுத்தாமலே எழுதுகிறதா என்பதைத்தான். விலை, பெயர், பளபளப்பு எல்லாம் பிறகு. கடைக்காரர் நீட்டும் துண்டுத்தாளில் உங்கள் கையெழுத்தை உங்கள் வழக்கமான சாய்வில் போட்டுப் பாருங்கள், சுழி போட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, சுழியை எந்தப் பேனாவும் போடும்.

அந்தக் கணக்கில் மைப்பேனாவுக்கு மிகவும் நெருங்கிய சொந்தம் ரோலர்பால். பைலட் வி5, யூனிபால் ஐ (Eye) போன்றவை. உள்ளே இருப்பது தண்ணீர் போல ஓடும் மை. உடம்பில் உள்ள சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தகடு தெரியும், மைப்பேனா முள்ளுக்கு அடியில் மையை இறக்கிவிடும் நாக்கில் இருக்கும் வரிகள் செய்யும் அதே வேலையை அது செய்கிறது, அதிகமாக வரும் மையைப் பிடித்து நிறுத்திவைக்கிறது. கையில் பிடித்தாலே எழுதும். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, கவனித்து வாங்குங்கள்: வி5 மை தண்ணீர் பட்டால் ஓடும், யூனிபால் ஐ-யில் நிறமி மை, அதாவது தண்ணீரில் கரையாத நிறப்பொடி கலந்த மை, காய்ந்தபின் ஓடாது. குறையும் இல்லாமலில்லை. அரசு அலுவலகத்துப் பழுப்புத் தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும், மூடியைத் திறந்துபோட்டால் காய்ந்துவிடும், கார்பனுக்கு இதுவும் லாயக்கில்லை. மைப்பேனாவின் நல்லது கெட்டது இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்த பேனா என்பேன். வீட்டு மேஜையில் வைத்துக்கொள்ள நல்லது, வெளியே போக எனக்கு இது முதல் தேர்வு இல்லை.

ஜெல் பேனாவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஜப்பானில் சகுரா கம்பெனி 1984-இல் கொண்டுவந்தது, இங்கே தொண்ணூறுகளுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தையே பிடித்துக்கொண்டது. சும்மா இருக்கும்போது மை கெட்டியாக இருக்கும், குண்டு உருளும் இடத்தில் மட்டும் இளகி ஓடும். கறுப்பாக, அழுத்தமாக விழும். ஆனால் காய நேரம் எடுக்கும், வியர்வைக் கையோடு எழுதுகிறவர்களுக்கு, இடதுகைக்காரர்களுக்கு, உள்ளங்கை ஓரமெல்லாம் மை. கீழே முனை குத்த விழுந்தால் பாதிக்கு மேல் அதோடு ஓய்ந்துவிடும்.

நான் கடைசியில் போய் நிற்பது மெல்லிய எண்ணெய் மை போட்ட பால் பாயின்டில். பழைய பால் பாயின்ட் மையைவிட இளக்கமான மை இதில். யூனிபால் ஜெட்ஸ்ட்ரீம் இந்த வகையில் பெயர் வாங்கியது, நம் ஊரில் லிங்க் பென்டானிக் மாதிரிப் பேனாக்கள் பத்து ரூபாய் வாக்கிலேயே கிடைக்கின்றன. லேசாகத் தொட்டாலே எழுதுகிறது, கொஞ்சம் சாய்த்தாலும் பொறுத்துக்கொள்கிறது, அழுத்தினால் கார்பனிலும் விழுகிறது, ஈரத்தில் ஓடுவதில்லை, யாராவது கேட்டால் கொடுக்கலாம், அவர் அப்படியே நடையைக் கட்டினாலும் பின்னால் ஓட வேண்டாம். 0.7 மி.மீ. முனை போதும், எழுத்து பெரிதாக எழுதுகிறவர்கள் 1.0 வாங்கலாம். 0.5 முனை வேண்டாம், முரட்டுத் தாளில் கீறும். முள்ளின் மென்மை இதில் வருமா என்று கேட்டால் வராது. வரவும் தேவையில்லை, சலான் நிரப்பும்போது யாரும் காதல் கடிதம் எழுதுவதில்லை.

ஒன்றை மட்டும் சட்டைப் பையில் தப்பித்தவறியும் வைக்காதீர்கள். அழிக்கக்கூடிய மை என்று விற்கிறார்களே, அந்தப் பேனா. பைலட் ஃபிரிக்ஷன் வகையில், பின்னால் உள்ள ரப்பரால் தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில்தான் மை நிறமிழக்கிறது, 60 டிகிரி வாக்கில் சூடானால் போதும். வெயிலில் நிறுத்திய கார் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த தாளோ, லாமினேஷன் மெஷினுக்குள் போன சான்றிதழோ வெள்ளையாகத் திரும்பி வரலாம். உறைநிலைக்குக் கீழே நன்றாகக் குளிரவைத்தால் எழுத்து மறுபடி தெரியுமாம், அதற்காக ஒப்பந்தப் பத்திரத்தை ஃபிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? பிள்ளைகள் குறிப்பெடுக்க வைத்துக்கொள்ளட்டும். காசோலை, ரசீது, விண்ணப்பம், கையெழுத்து எதற்கும் ஆகாது.

காசோலை என்றதும் நினைவுக்கு வருகிறது. மைப்பேனாவால் காசோலை எழுதலாமா என்று கவுண்டரில் அடிக்கடி கேட்பார்கள். எழுதலாம், தடை எதுவும் இல்லை. ஆனால் இப்போது காசோலைத் தாள் ஊர் ஊராகப் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. அதனால்தான் படத்தில் தெளிவாக விழும் அடர்ந்த நிற மையைப் பயன்படுத்துங்கள் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. மைப்பேனா ஆசையில் வாங்கிய வெளிர் பச்சை, வானநீலம், ரோஜா நிறமெல்லாம் அந்தப் படத்தில் மங்கிப்போகும். அடித்தல் திருத்தலும் கூடாது, தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு எதைத் திருத்தினாலும் வேறு காசோலைதான் எழுத வேண்டும். முள்ளிலிருந்து ஒரு சொட்டு தொகை மேல் விழுந்தால் அந்தக் காசோலை அவ்வளவுதான். துவைத்தால் போகும் நீல மை, பெயரையும் தொகையையும் கழுவி மாற்ற நினைக்கும் திருடனுக்கு ரொம்ப வசதி. சாதாரண பால் பாயின்ட் மையும் சில கரைப்பான்களில் கரையும், ஆகவே அதையும் முழுசாக நம்ப வேண்டாம். நிறமி மை நாரோடு ஒட்டிக்கொள்வதால் கழுவுவது கஷ்டம். ஆவணத்துக்கான பால் பாயின்டுக்கு ஐ.எஸ்.ஓ. 12757-2 என்று ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது, நல்ல ரீபிள்களின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், பூதக்கண்ணாடி இருந்தால் பாருங்கள்.

இப்போது பள்ளிக்கூடம். இதற்காகவே இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம். சில பள்ளிகளில் கையெழுத்து நன்றாக வரும் என்று மைப்பேனாவைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பால் பாயின்ட் கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள், பென்சில் பெட்டியைச் சோதனை போடுகிறார்கள். இது எதற்கு? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வு வினாத்தாளில் போட்டிருப்பது நீலம் அல்லது கறுப்பு மையால் எழுத வேண்டும், படம் வரையப் பென்சில் என்பதுதான். எந்தப் பேனா என்று அதில் இல்லை. அதே பிள்ளை பள்ளி முடித்து நீட் எழுதப் போனால் இயந்திரம் படிக்கும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் பால் பாயின்டால் வட்டத்தை நிரப்ப வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. போனாலும் கறுப்பு பால் பாயின்ட்தான். மைப்பேனாவால் வட்டம் நிரப்பினால் மை பின்பக்கம் ஊறும், இயந்திரம் குழம்பும், அவர்கள் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. எட்டு வருஷம் பால் பாயின்டைத் தொடவிடாமல் வளர்த்த பிள்ளை முதல்முறை அதை அழுத்திப் பிடிப்பது வாழ்க்கையின் பெரிய தேர்வில் என்றால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நன்மையா? ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு சின்னத் தேர்வை பால் பாயின்டில் எழுதவிடுங்கள், மற்றதெல்லாம் மைப்பேனாவிலேயே நடக்கட்டும். இரண்டு பேனாவையும் பிடிக்கத் தெரிந்த கைதான் பழகிய கை. ஆசிரியர்கள் சங்கடப்பட வேண்டாம், அவர்கள் சட்டைப் பையிலும் ஒரு பால் பாயின்ட் இருக்கத்தான் செய்கிறது.

மைப்பேனாவை விட மனமில்லாதவர்கள், இன்னொரு மைப்பேனாவையே இரண்டாவதாக வைத்துக்கொள்கிறேன் என்பார்கள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது சரி, இரண்டையும் மை நிரப்பிக் கொண்டுபோனால் நடுவில் தீர்ந்துபோகும் பயமில்லை. ஆனால் கார்பனுக்கும் போட்டோவுக்கும் மழைக்கும் ஒன்று தோற்றால் இரண்டும்தான் தோற்கும். கடன் கொடுக்கவும் முடியாது. மை தீர்ந்துபோவதுதான் உங்கள் ஒரே கவலை என்றால், இன்னொரு பேனாவுக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த சிறு குழாய்) போடும் பேனாவாக வாங்கிக்கொண்டு, இரண்டு கார்ட்ரிட்ஜைப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம், இடமும் அடைக்காது.

பேனாவின் கட்டைக்குள்ளேயே நேராகப் பில்லரால் மை ஊற்றும் பேனா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சென்னை பாரிமுனை ஜெம் அண்ட் கோ கடையில் வாங்கியதோ, திருவள்ளூர் ரங்காவில் கடைந்த எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவோ, நமக்கெல்லாம் உயிர். மை நிறையப் பிடிக்கும், ஒருமுறை ஊற்றினால் பல நாள் ஓடும். ஆனால் மை கால்வாசிக்குக் கீழே இறங்கிய பிறகு உள்ளே காற்றுதான் மிச்சம். கைச்சூடு பட்டால் அந்தக் காற்று விரிந்து, மீதி மையை நாக்கு வழியே வெளியே தள்ளும். அதுதான் நாம் கக்குகிறது என்கிறோமே, அது. மே மாதத்துப் பேருந்தில் சட்டைப் பைக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பயணம் போனால் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் காலியாகக் கொண்டுபோங்கள், முனை மேலே பார்க்க நிற்கட்டும். விமானத்தில் ஏறும்போதும் இதே கணக்குதான். பாதி மையோடு போகாதீர்கள். வழியில் எழுத வேண்டியதை அந்தப் பத்து ரூபாய்ப் பேனா எழுதட்டும்.

பென்சிலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அது மூன்றாவது. 2பி பென்சில், சின்னத் துண்டு, ஒரு மூடி போட்டு. படுத்துக்கொண்டு மல்லாக்க எழுதினாலும் எழுதும், தாள் நனைந்தாலும் எழுத்து ஓடாது, சாய்த்துப் பிடித்தாலும் உரசாது, அழுத்த வேண்டியதே இல்லை. அப்படிப் பார்த்தால் மைப்பேனாக்காரர் கைக்குப் பால் பாயின்டைவிடப் பென்சில்தான் இசைவு. பழைய ஏடுகளையும் ஆவணங்களையும் படிக்கக் கொடுக்கும் நூலகங்களில் பெரும்பாலும் பேனாவுக்கே அனுமதி கிடையாது, பென்சில் மட்டும்தான். கையெழுத்துப் போட மட்டும் ஆகாது, அதற்குத்தான் இரண்டாவது பேனா இருக்கிறதே.

ரீபிள் பற்றி ஒரு வருத்தம். இப்போது கடையில் ரீபிள் கேட்டால் புதுப் பேனாவை நீட்டுகிறார்கள், ரீபிளுக்கும் பேனாவுக்கும் விலை வித்தியாசமே இல்லை சார் என்கிறார்கள். பார்க்கர் அளவு ரீபிளைப் பல கம்பெனிகள் செய்கின்றன, அந்த அளவு உடம்பாகப் பார்த்து ஒன்று வாங்கிவிட்டால் பல வருஷத்துக்கு உள்ளே மாற்றிக்கொண்டே போகலாம். ஒரு நல்ல உடம்பும் அதற்குள் மெல்லிய எண்ணெய் மை ரீபிளும் அமைந்தால் அதைவிட வேறு வேண்டாம். கடன் கொடுக்க மட்டும் அது இல்லாமல் ஒரு மலிவுப் பேனா தனியாக இருக்கட்டும். மூன்றாவது பேனா ஆகிவிட்டதே என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும்.

வங்கிகளுக்கும் தபால் நிலையங்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். கவுண்டரில் சணலில் கட்டித் தொங்கவிடும் பேனாவில் ரீபிள் இருக்கிறதா என்று காலையில் திறக்கும்போது ஒருவர் எழுதிப் பார்க்கட்டும், பாதி இடத்தில் வெறும் கூடுதான் தொங்குகிறது. அந்தக் கயிற்றையும் இன்னும் ஒரு முழம் நீளமாக விடுங்கள். எப்போதும் வலது ஓரத்தில் குட்டையாகக் கட்டிவிடுவதால் இடதுகைக்காரர்கள் படிவத்தையே இழுத்துக்கொண்டு போய் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை.